கண்டி மாநகரும் நாயக்க மன்னரும்

ஈழத்தின் பழைய இராசதானிகளுள் அனுராதபுரமும் பொலன்னறுவையும் நெடுங்காலம் காடு மூடிக் கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீளத் துலக்கப்பட்டவை. நல்லூரில் அரசிருந்த காலத்துக் கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. இவற்றிற்கு மாறாகக் கண்டி, அரசு நீங்கி இரு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும், அரசன் வகுத்த ஒழுங்கிலேயே ஆண்டுதோறும் விழாக் கொண்டாடி வரும் நகரமாகும். அங்கு அரசன் இல்லை. ஆயின் அவனுக்குரிய யானையும் முரசும், அவன் முன்னிலையில் ஆடப்பெற்ற ஆடலும், அவன் நடந்த வீதியும் உள்ளன. வரலாற்று மாணவனுக்கு இத்தகைய நகரம் ஒரு வகையிற் பெரும்பேறு; பிறிதொரு வகையிற் பெருஞ்சோதனை. கண்முன் நிகழ்வதையெல்லாம் தொன்றுதொட்டு நிகழ்வதாகவே எண்ணிவிடுதல் எளிது.

கண்டியைச் சிங்கள பௌத்தப் பண்பாட்டின் இறுதிக் காப்பகம் எனக் கூறுதல் வழக்கம். அக்கூற்றிற் பிழையில்லை. ஆயினும் இன்று அந்நகரின் அடையாளங்களாகக் கொள்ளப்படும் ஏரி, தலதா மாளிகையின் முன்னுள்ள எண்கோண மண்டபம், மகுல் மடுவ எனப்படும் அரச அவை, தலதாப் பெரஹராவின் நடைமுறை ஆகிய யாவும் 1739ஆம் ஆண்டு முதல் 1815ஆம் ஆண்டு வரை ஆண்ட நான்கு மன்னர் காலத்தில் உருப்பெற்றவை. அந்நால்வரும் மதுரையோடு உறவுடைய நாயக்கர் குடியினர். இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான் கண்டியின் வரலாறு விளங்கத் தொடங்குகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டற்பாலது. கண்டியின் கடைசி அரசனைக் ‘கடைசித் தமிழ் மன்னன்’ என்று பெருமிதத்தோடு குறிப்பிடுவோர் நம்மவருள் உளர். நாயக்கரின் குடும்பமொழி தெலுங்கு. தமிழகத்திற் பல தலைமுறை வாழ்ந்தமையால் தமிழும் அவர்க்கு உரியதாயிற்று. கண்டி அரசவையிலும் தமிழ் வழங்கியது. ஆயின் அவர்களை அவர்களுடைய சிங்களப் பகைவர் அழைத்த பெயர் ‘வடிக’ என்பதாகும். அது நம் பழந்தமிழ் நூல்கள் கூறும் ‘வடுகர்’ என்னுஞ் சொல்லின் திரிபே. பகைவர் தெளிவாக அறிந்திருந்த ஒன்றை நாம் மறந்துவிடலாகாது.

நாயக்கர் வருகைக்கு முற்பட்ட கண்டியைக் காண விரும்புவோர் நாத தேவாலயத்திலிருந்து தொடங்குதல் தகும். தலதா மாளிகைக்கு எதிரே, மதில் சூழ்ந்த முற்றத்தில் நிற்கும் இக்கற்கோயில் பதினான்காம் நூற்றாண்டினது. நகரில் எஞ்சியுள்ள கட்டடங்களுள் மிகப் பழையது. நாதர் எனப்படுபவர் அவலோகிதேசுவர போதிசத்துவர். தெய்வம் பௌத்தத்துக்குரியதாயினும் கோயிலின் அமைப்புத் திராவிடக் கட்டடக் கலை மரபினது. இதனை விந்தையாகக் கொள்ள வேண்டியதில்லை. கண்டிக்கு அணித்தேயுள்ள கடலாதெனிய விகாரையை 1344ஆம் ஆண்டளவிற் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவர ஆசாரி என்பதை அங்குள்ள கல்வெட்டே கூறுகின்றது. மலைநாட்டில் அரசு நிலைபெறுமுன்னரே தென்னகத்துச் சிற்பியின் உளி அங்கு வந்துவிட்டது. கண்டி மன்னர் முடி சூடுங்கால் தமக்குரிய அரசப் பெயரை ஏற்றது இந்நாத தேவாலயத்திலேயாகும்.

நாதர், விட்டுணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி என்னும் நால்வரும் நகரைக் காக்குந் தெய்வங்கள். நாத, விட்டுணு, பத்தினி தேவாலயங்கள் மூன்றும் மாளிகையின் சுற்றிலேயே உள்ளன. கதிர்காமத் தேவாலயம் மட்டும் சற்று விலகிக் கடைத்தெருவின் நடுவே இருக்கின்றது. பத்தினி நம் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கைக் கயவாகு சென்றதைச் சிலப்பதிகாரம் கூறும். அக்கயபாகுவே பெரஹராவைத் தொடக்கினான் என்பது சிங்கள மக்களின் மரபு. இரு மொழியினரும் ஒரே நினைவை இரு முனையிலிருந்து பற்றிக்கொண்டிருத்தல் மனங்கொள்ளத்தக்கது.

இனித் தந்ததாதுவின் கதை. புத்தரின் பல்லை உடையவனே நாட்டை ஆளும் உரிமையுடையவன் என்னும் எண்ணம் பொலன்னறுவைக் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. 1592இல் அரசேறிய முதலாம் விமலதர்மசூரியன் அதனைத் தெல்கமுவையிலிருந்து கண்டிக்குக் கொணர்ந்து மாளிகை எடுப்பித்தான். போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் படையெடுத்த போதெல்லாம் மக்கள் முதலிற் காத்தது தந்ததாதுவையே. நகரை எரியவிட்டு, தாதுவை எடுத்துக்கொண்டு காட்டினுட் புகுந்து, பகைவன் நோயாலும் பசியாலும் நலிந்து திரும்பும் வரை காத்திருத்தல் கண்டியரின் போர்முறையாயிருந்தது. இன்று நாம் காணும் உள்மாளிகை வீர நரேந்திரசிங்கன் காலத்ததாகக் கூறப்படுகின்றது. பல முறை எரிந்த நகரில் அதனிலும் பழைய அரசக் கட்டடங்களைத் தேடுதல் வீண்.

அந்நரேந்திரசிங்கன் 1739இல் இறந்தபோது நாயக்கர் ஆட்சி வந்தது. வந்த முறை படையெடுப்பன்று, மணவுறவு. கண்டி மன்னரின் பட்டத்தரசி சத்திரிய குலத்தவளாயிருத்தல் வேண்டுமென்பது வழக்கு. அத்தகைய பெண்ணை மலைநாட்டுப் பிரபுக் குடும்பங்களில் எடுத்தால் அக்குடும்பம் மற்றையவற்றுக்கு மேலாக உயர்ந்துவிடும். இதனைப் பிரதானிகளே விரும்பவில்லை. ஆகவே இரண்டாம் இராஜசிங்கன் காலம் முதல் மதுரையிலிருந்து பெண் கொள்ளுதல் மரபாயிற்று. நரேந்திரசிங்கனுக்கு உனம்புவை என்னும் மகன் ஒருவன் இருந்தான். அவன் தாய் சிங்களப் பெண். ஆயின் அரச குலத்தவள் அல்லள். அவனை விலக்கி, அரசியின் தம்பியான நாயக்க இளவலை ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயரோடு அரியணையேற்றினர். அக்காலத்துச் சிங்களப் பிரதானிகளுக்குக் குலம் முதன்மையாகவும் மொழி அதற்குப் பிற்பட்டதாகவும் தோன்றின. நம் காலத்து அளவுகோலை அவர்கள் கையிற் கொடுத்துப் பார்த்தல் பொருந்தாது.

விஜய இராஜசிங்கனுக்குப் பின் 1747இல் அரசேறிய அவன் மைத்துனன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனே இக்கட்டுரையின் நாயகன் எனலாம். அவன் அரசேறுங்காலத்து ஈழத்தில் உபசம்பதை பெற்ற பிக்குகளே இல்லாதொழிந்தனர். வெலிவிற்ற சரணங்கர தேரரின் வேண்டுகோளுக்கிணங்க அரசன் சீய நாட்டுக்குத் தூதனுப்பினான். ஒல்லாந்தர் கப்பல் உதவினர். 1753இல் உபாலி தேரர் தலைமையிற் பிக்குகள் வந்து மல்வத்தையில் உபசம்பதை வழங்கினர். ஈழத்துச் சீய நிக்காயம் அன்று பிறந்தது. மல்வத்தை, அஸ்கிரியை பீடங்கள் அந்நிக்காயத்தினவாயின. சைவச் சூழலிற் பிறந்த ஒருவன் பௌத்த சங்கத்தை மீட்டளித்தான் என்பது முரண்போலத் தோன்றும். அயலிலிருந்து வந்தவனாகையாலேயே அவன் அதனைப் பிறரினும் மிகுதியாகச் செய்ய வேண்டியிருந்தது என்பது என் கருத்து. அரசியற் கணக்கு மட்டுமே எனக் கூறிவிடவும் இயலாது. முப்பத்தைந்து ஆண்டு ஆட்சியில் அவன் புதுக்கிய விகாரைகளின் தொகையும், தெகல்தொருவைக் குகையின் ஓவியங்களும் வெறுங் கணக்கின் விளைவாகத் தோன்றவில்லை.

பெரஹராவுக்கு இப்போதுள்ள வடிவத்தை அளித்தவனும் அவனே. இதனை உணர்தற்கு அவனுக்கு முன்னர் அவ்விழா எவ்வாறிருந்தது என அறிதல் வேண்டும். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், 1681இல் அச்சிட்ட தன் நூலில் அதனை விரிவாக எழுதியுள்ளான். மணி கட்டிய யானைகள், அரக்க வேடம் பூண்ட மனிதர், பறையும் எக்காளமும், ஆடல் மகளிர் முதலிய யாவும் அங்குள. வெள்ளைத் துகில் போர்த்த யானைமீது, பூமாலை சுற்றிய வண்ணக்கோல் ஒன்றைத் தோளில் ஏந்திய பூசகன் வருகின்றான். கதிர்காமத் தெய்வமும் பத்தினியும் இருபாலும் வருகின்றனர். விழா தெய்வங்களது விழா. தந்ததாது அவ்விவரணத்தில் இல்லை.

சீயத்திலிருந்து வந்த பிக்குகள், பௌத்த இராசதானியின் பெருவிழாவிற் புத்தருக்கு இடமில்லாமை கண்டு வருந்தினரென்றும், அதன் பொருட்டே அரசன் தாதுவின் கரண்டகத்தை யானைமீதேற்றி ஊர்வலத்தின் முன்னணியில் விடுத்தானென்றும் கூறுவர். 1775ஆம் ஆண்டு இம்மாற்றத்திற்குரியதாகக் குறிக்கப்படுகின்றது. அன்று தொட்டு மாளிகைப் பெரஹரா முன்னும், அதன்பின் நாதர், விட்டுணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி என்னும் வரிசையில் நான்கு தேவாலயப் பெரஹராக்களும் செல்கின்றன. கீர்த்தி ஸ்ரீ செய்ததை நுணுகி நோக்குக. அவன் தெய்வங்களை விலக்கவில்லை. புத்தரை முன்னே வைத்தான். பழைய விழாவின் நாளும் கோளும் சடங்கும் அவ்வாறே நின்றன. புதிய வரிசை மட்டும் அமைந்தது. சமய வரலாற்றில் இத்துணை இலகுவாக நிகழ்ந்த பெருமாற்றங்கள் அரியன.

சடங்குகளின் பழைமையை அவற்றின் நிரலே காட்டும். எசல மாதத்து அமாவாசையை ஒட்டி, பால்மரம் ஒன்றைத் தறித்துக் ‘கப்’ என்னுங் கால்களாக்கி நான்கு தேவாலயங்களிலும் நடுவர். நம் கோயில்களிற் கொடியேற்றத்துக்கு முன் நிகழும் கால்கோளை ஒத்தது இது. ஐந்து நாள் தேவாலய முற்றங்களுக்குள்ளேயே ஊர்வலம். பின் ஐந்து இரவு கும்பல் பெரஹரா. அதன்பின் ஐந்து இரவு ரந்தோலிப் பெரஹரா. ரந்தோலி என்பது பொற்பல்லக்கு. அரசியர் பல்லக்கிற் சென்ற நாளின் எச்சம் அப்பெயர். இறுதி இரவு கழிந்த விடியற்பொழுதில், பேராதனை மாணவர் நாள்தோறும் பேருந்திற் கடந்து செல்லும் கெட்டம்பையில், மகாவலி கங்கையிற் பொன்வாளால் நீர் வெட்டும் சடங்கு நிகழும். முந்திய ஆண்டு முகந்து வைத்த நீரைக் கொட்டி, வாள் பட்ட இடத்துப் புதுநீரைக் குடத்தில் முகந்து கொள்வர். இது நம் தீர்த்தோற்சவமன்றி வேறென்ன? திரும்பும் வழியிற் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தங்கிச் சடங்கு முடித்த பின்னரே பகற் பெரஹரா புறப்படும். இரவில் ஒளிவிளக்கும் கண்டிய நடனமும் கண்டு மீளும் பார்வையாளர் பலர் இவ்விடியற்காலச் சடங்கை அறியார். விழாவின் உயிர் அங்கேதான் இருக்கின்றது என்பேன்.

இத்துணை செய்த அரசனையும் கொல்ல முயன்றனர். 1760இல், அவன் உதவியால் உயர்வு பெற்ற சங்கத்தினர் சிலரும் சமனக்கொடி அதிகாரும் கூடிச் சூழ்ச்சி செய்தனர். சரணங்கர தேரரின் பெயரும் அதில் அடிபட்டது. அரசனை அகற்றிச் சீயத்து இளவரசன் ஒருவனை அரசேற்றுதல் அவர் நோக்கம். திருநீறு பூசுவதை அரசன் விட்டிலன் என்பது அவர்கள் கூறிய குறைகளுள் ஒன்று என்பர். ஈண்டுக் கருதத்தக்கது, நாயக்கனுக்குப் பதிலாக அவர்கள் நாடியவனும் ஒரு சிங்களவன் அல்லன் என்பது. சூழ்ச்சி வெளிப்பட்டது, பிரதானிகள் கொலைத்தண்டம் பெற்றனர், சரணங்கரர் சில காலம் தடுத்து வைக்கப்பட்டுப் பின் தம் பதவியை மீளப் பெற்றார். விகாரைத் திருப்பணிகளும் தொடர்ந்தன. 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் நகரைக் கைப்பற்றி மாளிகையைச் சூறையாடினான். தாது முன்னரே அகற்றப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு உடன்படிக்கையாற் கண்டி தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. விழாவை மறுசீரமைத்த 1775ஆம் ஆண்டு இத்தோல்விக்குப் பிற்பட்டது. கடலை இழந்த அரசன் நகரின் நான்கு வீதிகளிலேனும் தன் அரசாண்மையை விளங்கக் காட்டினான் போலும்.

1782இல் அரசேறிய அவன் தம்பி இராஜாதி இராஜசிங்கன் கல்வியாளன். சிங்களத்தில் ‘அசதிச தா காவ’ என்னும் காவியம் இயற்றியவன் அவனே. இரண்டாந் தலைமுறையிலேயே நாயக்கர் குடும்பம் சிங்களக் கவிதை எழுதுமளவுக்கு மலைநாட்டினதாகிவிட்டது. 1783இல் அவன் தொடக்கிய மகுல் மடுவ, சுவரில்லாத திறந்த மண்டபம். செதுக்கிய மரத்தூண்களாலேயே கூரை தாங்கப்படுகின்றது. தாமரையும் அன்னமும் கொடிக்கருக்கும் நிறைந்த அத்தூண்களைத் தென்னிந்தியக் கோயில் மண்டபத் தூண்களோடு ஒப்பிட்டு நோக்குவோர், கல்லிற் கண்ட வடிவத்தை மரத்திற் காண்பர்.

கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், கண்ணுச்சாமி என்னும் இயற்பெயரினன். 1798இல் ஏறக்குறையப் பதினெட்டு வயதிற் பிலிமத்தலாவை அதிகாரால் அரசேற்றப்பட்டான். இளையவனை ஏற்றித் தானே ஆளலாமென அதிகார் எண்ணினான். அவ்வெண்ணம் அவன் தலையையே கொண்டது. நகரின் அழகு இம்மன்னனால் வந்தது. பத்திரிப்புவ என்னும் எண்கோண மண்டபம், முகில்களைப் போல வளைந்து செல்லும் ‘வலாகுலு பெம்ம’ மதில்கள், அகழி ஆகியவற்றைத் தேவேந்திர மூலாசாரி என்னும் சிற்பி சமைத்தான். மாளிகையின் முன் கிடந்த வயல்களை அணைகட்டி ஏரியாக்கினான் அரசன். 1812 அளவில் அது நிறைவெய்தியது. ‘கிரி முகுத’, பாற்கடல், என்பது அதற்கு அவன் இட்ட பெயர். பாற்கடலின் கரையில் மாளிகை, நடுவே தீவு, மேலே முகில்: தேவருலகை மலைநாட்டில் வரைந்துகாட்டும் எண்ணம் அது.

ஆயின் அவ்வேரியை வெட்டியவர் இராசகாரியத்துக்கு இழுத்துவரப்பட்ட குடிமக்கள். வயலையும் இழந்து, உழவுப் பருவத்தையும் இழந்து, ஊதியமின்றி மண் சுமந்தனர். நாடு பகைவரால் வளைக்கப்பட்டிருந்த காலத்தில் அரசன் நகரை அலங்கரித்தமை பிரதானிகளுக்கு நகைப்பும், குடிகளுக்கு வெறுப்பும் விளைத்தது. சுற்றுலாப் பயணிகள் இன்று நின்று படம் பிடிக்கும் அந்த ஏரியே அரசனை வீழ்த்திய காரணங்களுள் ஒன்று. 1814இல் எகலப்பொலை அதிகார் ஆங்கிலேயரிடம் ஓடியபோது, அவன் மனைவி மக்கள் மீது அரசன் தீர்த்த பழி எவ்வகையாலும் பொறுக்கத்தக்கதன்று. பிள்ளைகள் தேவாலயங்களின் அருகே வெட்டுண்டனர். தாய் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்தப்பட்டாள். இச்செய்தி சிங்களப் பாடல்களில் மட்டும் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கூத்து மேடையிலும் ‘கண்டி அரசன்’ கதை ஆடப்பெற்றது. கண்டோர் அழுதது எகலப்பொலையின் பிள்ளைகளுக்காக. மொழியுறவு கருதி அரசனை மன்னித்துவிடத் தமிழ்க் கூத்தர் முற்படவில்லை.

1815 பெப்ரவரி 18ஆம் நாள் மெதமகாநுவரை அருகே அரசன் பிடிபட்டான். மார்ச்சு 2ஆம் நாள், அவன் குடும்பத்தார் கட்டிய மகுல் மடுவவிலேயே உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதன் வாசகம் ஊன்றிப் படிக்கத்தக்கது. ‘மலபார்’ இனத்தவர்க்குக் கண்டி மீதிருந்த உரிமை முற்றாக ஒழிந்தது என ஒரு பிரிவு கூறும். அரசனின் ஆண் உறவினர் அனுமதியின்றிக் கண்டி நாட்டிற் கால்வைத்தல் தண்டனைக்குரியது என மற்றொரு பிரிவு கூறும். அரசனின் குற்றங்கள் பலவாயிருக்க, அவனது பிறப்பைச் சட்டத்தில் எழுதிவைத்தது ஆங்கில ஆட்சியே. எகலப்பொலையைப் புகழ்ந்தெழுந்த ‘வடிக ஹடன’ போன்ற சிங்கள நூல்களில் அவ்வெறுப்பு இருந்தது உண்மை. அதற்கு அரசாணையின் வலிமையளித்தது அந்த உடன்படிக்கை. அதிற் கையொப்பமிட்ட பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்தைக் கையாண்டனர் என்பது பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. வியப்பதற்கில்லை, அரசவையில் அவர்கள் பழகிய எழுத்து அது.

வடிகர் மீதான வெறுப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே ஓர் உரைகல் கிடைத்தது. 1817இல் ஊவாவிற் கிளர்ச்சி எழுந்தபோது, வில்பாவை என்னும் சிங்களவன் ஒருவன் அரசுரிமை கோரி எழுந்தான். அவன் தனக்குச் சூடிக்கொண்ட பெயர் துரைசாமி. தான் சிறைப்பட்ட அரசனின் நாயக்க உறவினன் என்றே பறைசாற்றினான். கெப்பிட்டிப்பொலை முதலிய பிரதானிகள் அவன்பாற் சேர்ந்தனர். மக்களைத் திரட்டுதற்கு நாயக்கப் பெயரே அப்பொழுதும் வேண்டியிருந்தது. வடிகரை ஒழித்தற்காகவே கண்டியர் ஆங்கிலேயரை வரவேற்றனர் எனப் பாடநூல்களிற் படித்து வளர்ந்தோர் இந்நிகழ்ச்சியை எவ்வாறு விளக்குவர் என்பதை நான் அறியேன். 1818இல் தந்ததாது ஆங்கிலேயர் கைப்பட்ட பின்னரே, இனி அவர்களே ஆள்வோர் என மக்கள் உண்மையாகக் கருதினர் என, அக்காலத்து இங்கிருந்த மருத்துவர் ஜோன் டேவி எழுதியுள்ளார்.

நாயக்க உறவினர் குடியிருந்த தெரு ஆங்கிலேயர் காலத்தில் மலபார் வீதி எனப்பட்டது. 1693இல் ஒல்லாந்தர் அளித்த அரியணை இங்கிலாந்து சென்று 1934இல் மீண்டு, கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ளது. 1988இல் யுனெஸ்கோ கண்டியை உலக மரபுரிமை நகராக ஏற்றது. பத்தாண்டு கழிந்து, 1998 ஜனவரி 25ஆம் நாள், விடுதலைப் புலிகளின் குண்டுவண்டி தலதா மாளிகையின் வாயிலிற் வெடித்து உயிர்களைப் பலிகொண்டது. சிதைந்த முகப்பு பின்னர்ச் செப்பனிடப்பெற்றது. தமிழரின் பெயராற் சிதைக்கப்பட்ட அம்முகப்பில், தமிழகத்திலிருந்து வந்த குடும்பத்து மன்னரின் கைவேலையும் இருந்தது.

அரசன் 1816இற் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து, 1832 ஜனவரி 30ஆம் நாள் இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் புதைக்கப்பட்ட இடத்தில் 1990இற் தமிழக அரசு முத்துமண்டபம் எடுப்பித்தது. கண்டியில் அவனுக்குச் சிலையில்லை. ஏரிக்கரையில் அவன் எழுப்பத் தொடங்கிய அலைவளைவு மதில், அவன் பிடிபட்ட ஆண்டில் எவ்வளவு தூரம் வந்திருந்ததோ அவ்வளவு தூரத்திலேயே முற்றுப்பெறாமல் நிற்கின்றது.